கீழாநெல்லிக் கசாயத்தில் சொட்டு மருந்தைக் கலந்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

செல்லம்பட்டிச் சேவல் | 18 ஜனவரி 2025, காலை

சிறுவிடை நாட்டுக்கோழி 140 உருப்படி. எல்லாம் ஒரே ஈடு, அஞ்சு வாரம் ஆகுது. பிப்ரவரியில கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வருமுல்ல, அதுக்கு முன்னாடியே லசோட்டா தடுப்பு மருந்தைத் தண்ணியில கொடுத்துரலாம்னு இருக்கேன். இங்கிட்டு ஒருத்தரு சொல்றாரு: கீழாநெல்லி, நிலவேம்பு, மஞ்சள் மூணையும் கொதிக்க வச்சு ஆறவிட்டு, அந்தக் கசாயத்துலயே மருந்தைக் கலந்து ஊத்து, பலன் ரெட்டிப்பா இருக்கும்னு. வெள்ளைக்கழிச்சல் வைரஸையே கொல்ற மூலிகையாம். அளவு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓய்வு கால்நடை | 18 ஜனவரி, மதியம்

கலக்காதீங்க தம்பி. வைரஸைக் கொல்லும் என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தால், அதற்காகவே கலக்கக் கூடாது. லசோட்டா புட்டியில் இருப்பதும் ராணிக்கெட் என்கிற அதே வெள்ளைக்கழிச்சல் வைரஸ்தான். இயற்கையிலேயே வீரியம் குறைந்த ரகம், ஆனால் உயிரோடு இருப்பது. கோழியின் கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் போய்ப் பெருகினால்தான் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் செய்யும். கசாயத்தில் கலப்பது விதையை வறுத்து விதைக்கிற வேலை.

வைரஸைக் கொல்லாத மூலிகை என்று வைத்துக்கொண்டாலும் துவர்ப்பு இருக்கிறது. கீழாநெல்லி, கடுக்காய், மாசிக்காய், மாதுளைத்தோல் எல்லாவற்றிலும் உள்ள டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். வைரஸின் மேலுறையில் இருப்பது புரதம். குளோரின் போக்க நீங்கள் போடும் பால்பவுடரும் புரதம். கசாயத்தில் பால்பவுடரைப் போட்டால் திரிந்து அடியில் உட்காரும், பார்த்தாலே தெரியும்.

தண்ணீரில் கொடுப்பதாக இருந்தால் முறை இது:

மருந்து கொடுப்பதற்கு 2 நாள் முன்பிருந்து தண்ணீரில் குளோரின் மாத்திரை, பொட்டாசியம் பெர்மாங்கனேட், மஞ்சள்நீர், வேப்பிலைநீர் எதுவும் வேண்டாம். கொடுத்த பிறகும் 2 நாள் அப்படியே. எவ்வளவு தண்ணீர் என்பதற்குப் பழைய கணக்கு: 1000 கோழிக்கு, வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர். 35 நாள், 140 உருப்படி என்றால் 5 லிட்டர் கிட்டே வரும். நாட்டுக்கோழி பிராய்லர் அளவுக்குக் குடிக்காது, அதனால் முந்தின நாள் அதே நேரத்தில் 2 மணி நேரத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அந்த அளவே வையுங்கள். மாநகராட்சிக் குழாய்த்தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். முந்தின ராத்திரியே அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் திறந்து வையுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போட்டுக் கலக்கி, 20 நிமிடம் கழித்து மருந்து. புட்டியைத் தண்ணீருக்குள் முக்கி வைத்துத் திறக்கணும். உள்ளே வெற்றிடம், வெளியில் திறந்தால் காற்றோடு தூசியும் இழுக்கும். கோழிகளுக்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்பே தண்ணீரை எடுத்துவிடுங்கள். வைத்த தண்ணீர் 2 மணி நேரத்தில் தீரணும். தகரத் தட்டு, இரும்பு வாளி ஆகாது.

5 வாரக் குஞ்சு 140 என்றால் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே மேல் என்பேன். இரண்டு ஆள், ஒரு சாயங்காலம். எல்லாக் கோழிக்கும் போய்ச் சேர்ந்தது என்ற நிச்சயம் அதில்தான் கிடைக்கும்.

மேலூர் ரோடு | 18 ஜனவரி, மதியம்

டீக்கடைக்கு வர்ற பால்பவுடர் ஆகுமா சார்?

ஓய்வு கால்நடை | 18 ஜனவரி, மாலை

சர்க்கரை கலந்த டெய்ரி ஒயிட்னர் வேண்டாம். கொழுப்பு நீக்கியது என்று பாக்கெட்டில் போட்டிருக்கணும்.

வைகைக் கரை | 19 ஜனவரி, இரவு

மூலிகைச் சாறுகளை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்கிற வேலை எனக்கு. கால்நடை டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஏனென்றால் "மூலிகை எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று பொதுவாகச் சொல்வதிலேயே சிக்கல் இருக்கிறது.

ஒரே செடியிலிருந்து இரண்டு எதிரெதிர்ச் சாறு எடுக்கலாம். சீந்தில் கொடியைத் தண்ணீரில் ஊறவைத்தாலோ கொதிக்க வைத்தாலோ முக்கியமாக இறங்குவது பாலிசாக்கரைடு, அதாவது மாவுச்சத்து வகையறா நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள். இவை வெள்ளணுக்களில் மேக்ரோபேஜ் என்கிற விழுங்கணுக்களைத் தூண்டும். அதே கொடியைச் சாராயத்தில் ஊறவைத்தால் பாலிசாக்கரைடு கரையாமல் வண்டலாக நின்றுவிடும். கசப்புப் பொருள்களும் ஆல்கலாய்டுகளும் இறங்கும். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். இந்தப் பொருள் அழற்சியைக் கிளப்பும் என்.எஃப்.-கப்பா-பி என்ற சமிக்ஞையை அடக்கும். மஞ்சளின் குர்குமினும் அதே பக்கம்தான். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் கேட்கிறது என்றால் காரணம் இதுதான்.

இப்போது யோசியுங்கள். தடுப்பூசி வேலை செய்யவே முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் அழற்சி வேண்டும். அந்த நேரம் பார்த்து அழற்சியை அடக்கும் பொருளை நிறையக் கொடுத்தால் அது தடுப்பூசிக்குத் துணையா, எதிரா? கசாயமாக வாய்வழி போகும் அளவில் பெரிய பாதிப்பு வராமலும் இருக்கலாம். ஆனால் "கூட்டும்" என்று சத்தியம் பண்ண முடியாது. கடைச் சீட்டில் "சாறு 500 மி.கி." என்று மட்டும் போட்டிருந்தால் எதில் எடுத்த சாறு என்று கேளுங்கள். தண்ணீரா, ஆல்கஹாலா? பதில் வராத சரக்கை வாங்காதீர்கள்.

மாட்டுத்தாவணி மைனர் | 19 ஜனவரி, இரவு

ஜிகர்தண்டாவுல போடுற பாதாம் பிசினும் பாலிசாக்கரைடு தானே? அப்ப ஊசி போட்டுட்டு விளக்குத்தூண் பக்கம் போயி ரெண்டு கிளாஸ் அடிச்சா எதிர்ப்பொருள் ஏறுமா 😀

வைகைக் கரை | 20 ஜனவரி

பிசின் பாலிசாக்கரைடுதான். எல்லாப் பாலிசாக்கரைடும் விழுங்கணுவில் போய்ப் பொருந்தாது. ஈஸ்ட், காளானில் உள்ள பீட்டா-குளூக்கானுக்கு டெக்டின்-1 என்று தனி வாங்கி (ரிசெப்டர்) உண்டு. பாதாம் பிசினுக்கு அப்படி எதுவும் எனக்குத் தெரியாது. சர்க்கரைதான் ஏறும். இருந்தாலும் குடிங்க மைனரே.

செல்லம்பட்டிச் சேவல் | 22 ஜனவரி

சரி, கலக்கல. கண்ணுலயே சொட்டு விட்டுர்றேன். ஆனா எங்க பக்கம் கழிச்சலுக்கு அரைச்சுக் கொடுக்குற மருந்து ஒண்ணு இருக்கு. பத்து கோழிக்கு: கீழாநெல்லி 50 கிராம், சீரகம் 10, மிளகு 5, மஞ்சத்தூள் 5, சின்ன வெங்காயம் அஞ்சு, பூண்டு அஞ்சு பல். சீரகம் மிளகை இடிச்சு, மத்ததோட சேத்து அரைச்சு, தவிட்டுல பிசைஞ்சு குடுக்குறது. இதையும் நிப்பாட்டணுமாண்ணே? இல்ல தடுப்பு மருந்துக்கு முன்ன பின்ன குடுக்கலாமா?

ஓய்வு கால்நடை | 22 ஜனவரி, இரவு

அந்தக் கலவை பரவலாகப் புழங்குவதுதான். பல்கலைக்கழகத்துக்காரர்களே மரபு மருத்துவம் என்று சொல்லிக் கொடுக்கிற சேர்மானத்தை ஒட்டி வரும். தீவனத்தில் கொடுங்கள், தப்பில்லை. கண் சொட்டு விடும்போது மருந்தும் மூலிகையும் நேரே சந்திப்பதில்லை. இருந்தாலும் மருந்து விடும் நாளும் மறுநாளும் வெறும் தீவனம் போதும். தண்ணீரில் மருந்து கொடுப்பவர்கள் முன்னே பின்னே இரண்டு இரண்டு நாள் விடணும்.

அந்தக் கலவை ராணிக்கெட் வந்த கோழியைக் காப்பாற்றும் என்று மட்டும் நம்பாதீர்கள். கழுத்துத் திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே நாளில் பத்து விழுந்தால் அதற்கு மருந்தே கிடையாது, அரைத்துக் கொடுத்ததும் நிறுத்தாது. லேசான சீதக்கழிச்சல், தீவனம் மாறிய கழிச்சல் இதெல்லாம் தானாகவே நிற்கும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும்.

மூலிகைக்கு நியாயமான இடம் வேறு பக்கம் இருக்கிறது. தடுப்பு மருந்து எடுபடாமல் போவதற்கு நம் பக்கம் நான் முதலில் பார்ப்பது நான்கு:

குடற்புழு. உருண்டைப்புழு நிறைய இருக்கும் கோழியில் ராணிக்கெட் தடுப்பூசிக்கு எதிர்ப்பொருள் குறைவாகத்தான் எழும். புழு இருந்தால் உடம்பின் பதில் வேறு வழியில் திரும்பிவிடுகிறது. மேய்ச்சல் கோழியில் புழு இல்லாத கோழி ஏது? மருந்து விடுவதற்கு 7–10 நாள் முன்பு புழுநீக்கம் செய்துவிடுங்கள். பாதி சண்டை அதிலேயே முடியும்.

பூஞ்சை நஞ்சு. நனைந்த மக்காச்சோளம், பழைய கடலைப்பிண்ணாக்கு. அதில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், எதிர்ப்பணு முதிர்கிற பர்சா என்கிற உறுப்பைச் சுருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மூட்டையைத் தரையில் போட்டவன் தை மாசம் தடுப்பூசியைத் திட்டுவான். கல்லீரலுக்குக் கீழாநெல்லி ஓரளவு உதவும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு, அது மெய். ஆனால் கெட்ட தீவனத்தை நிறுத்தாமல் கீழாநெல்லி போடுவது வீண்.

கம்போரோ. பர்சாவையே அடிக்கும் வைரஸ். குஞ்சில் அது வந்து போயிருந்தால் பிறகு எந்தத் தடுப்பூசியும் அரைகுறைதான்.

தாய் வழிக் காப்பு. தடுப்பூசி போட்ட தாய்க்கோழியின் முட்டைக் குஞ்சில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும். நாலரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். முதல் வாரத்தில் தண்ணீரில் கொடுத்தால் இந்தக் காப்பே மருந்து வைரஸைப் பிடித்துத் தின்றுவிடும். 5–7 நாளில் கண்ணில் சொட்டு விடச் சொல்வது இதனால்தான். கண்ணுக்குப் பின்னால் ஹார்டீரியன் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. அங்கேயே உள்ளூர் எதிர்ப்பு உருவாகும், இரத்தத்தில் உள்ள தாய்க்காப்பு அவ்வளவாகத் தடுக்காது.

அலங்காநல்லூர் மேடு | 27 ஜனவரி

5–7 நாளில் லசோட்டா, 4 வாரத்தில் ஆர்2பி ஊசி, இதுதானே முறை? எங்க பக்கம் அப்படித்தான் போடுறாங்க.

ஓய்வு கால்நடை | 27 ஜனவரி

4 வாரத்தில் ஆர்2பி போடக் கூடாது. அது முக்தேஸ்வர் ரகம், நடுத்தர வீரியம். 6 வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போட்டால் தடுப்பூசியே கால் இழுக்க வைக்கும், சாகடிக்கவும் செய்யும். 4 வாரத்துக்கு லசோட்டா இரண்டாம் முறை. 8 வாரத்தில் ஆர்2பி, 0.5 மி.லி., இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே. அதற்கு முன்னால் லசோட்டா கண்டிப்பாக வாங்கியிருக்கணும். முட்டையிடும் கோழிக்கு வேண்டாம், முட்டை நின்றுபோகும். முகாமில் ஊசியோடு வரும்போது வயதைச் சொல்லுங்கள், குஞ்சைத் தனிக்கூடையில் பிரித்து வையுங்கள். வருகிறவர்கள் ஒரு நாளில் ஊர் பூராம் சுற்றணும், ஒவ்வொரு கோழிக்கும் வயது கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வைகைக் கரை | 28 ஜனவரி

"ஆய்வு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, எலியில் நிறைய, மனிதரில் கொஞ்சம்.

2004-இல் அமுக்கராக் கிழங்குச் சாற்றையும் தண்ணீர்விட்டான் கிழங்குச் சாற்றையும் முத்தடுப்பூசி போட்ட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வுகள் வந்தன. எடை கிலோவுக்கு 100 மி.கி., தினமும் வாய்வழி, 15 நாள். கக்குவான் கிருமிக்கு எதிர்ப்பொருள் கூடியது, கிருமியைச் செலுத்தியபோது செத்த எலிகளும் குறைவு. எலிக்கு 100 மி.கி. என்பது மனிதருக்கு அப்படியே பெருக்குகிற அளவல்ல. உடற்பரப்புக் கணக்கில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். மனிதரில் எனக்குத் தெரிந்து ஒழுங்காகச் செய்த ஒன்று ஜின்செங்: 1996-இல் வந்தது, 227 பேர், 12 வாரம் சாறு, நான்காம் வாரத்தில் ஃப்ளூ தடுப்பூசி. சாறு எடுத்தவர்களுக்கு எதிர்ப்பொருள் அளவு உயர்ந்தது, சளி காய்ச்சலும் குறைந்தது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது: தடுப்பூசிக்கு முன்பும் பின்பும் வாரக்கணக்கில், அளவு தரப்படுத்திய சாறு. ஊசிக்கு முதல்நாள் ஒரு டம்ளர் கசாயம் குடித்த கணக்கு அதில் எங்கும் இல்லை. இரண்டிலும் தடுப்பூசி ஊசியாகப் போனது, சாறு வாயில் போனது. கலக்கவே இல்லை.

வைகைக் கரை | 28 ஜனவரி, இரவு

தடுப்பூசிக்குள்ளேயே கலக்கிற மூலிகைச் சாறும் உண்டு. சிலி நாட்டு மலைகளில் வளரும் குயில்லாயா என்ற மரத்தின் பட்டை. நம்ம பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும், அங்கே துணி வெளுக்க வைத்திருந்தார்கள். அந்த நுரைக்குக் காரணமான சபோனின்களில் ஒன்று கியூ.எஸ்.-21. அக்கி என்கிற ஹெர்ப்பிஸ் சோஸ்டருக்கான ஷிங்க்ரிக்ஸ் தடுப்பூசியில் ஒரு ஊசிக்கு 50 மைக்ரோகிராம் இது இருக்கிறது. 50 வயது தாண்டியவர்களிடமும் அது அவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு இதன் பங்கு பெரிது. சீரம் இன்ஸ்டிட்யூட்டின் கோவோவாக்ஸ் கொரோனா தடுப்பூசியிலும் ஆர்21 மலேரியா தடுப்பூசியிலும் இருக்கும் மேட்ரிக்ஸ்-எம் அதே மரத்துப் பட்டைதான். நம் மாட்டுக்குப் போடும் சில கோமாரி ஊசிகளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழோடு சபோனின் சேர்ந்திருக்கும். ஊசி போட்ட இடம் வீங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாட்டுத்தாவணி மைனர் | 29 ஜனவரி

அப்ப பூந்திக்கொட்டையை ஊறவச்சு...

வைகைக் கரை | 29 ஜனவரி

வேண்டாம், இதை ஜோக்காகக்கூட யாரும் செய்துவிடக் கூடாது. சபோனின் சிவப்பணுவின் சவ்விலுள்ள கொலஸ்டிராலைப் பிடித்து ஓட்டை போடும். இரத்தத்தில் போனால் அணு உடைந்து சிவப்பாகக் கரையும். ஷிங்க்ரிக்ஸில் அதைக் கொலஸ்டிரால் உள்ள லைப்போசோம் உருண்டைக்குள் முன்கூட்டியே கட்டிப்போட்டுத்தான் கொடுக்கிறார்கள். பட்டைச் சாற்றில் இருபதுக்கு மேல் சபோனின் இருக்கிறது, அதில் நஞ்சும் பலனும் வேறு வேறு விகிதத்தில். ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கவே அத்தனை பாடு. 2024-இல் ஈஸ்ட்டுக்குள்ளேயே கியூ.எஸ்.-21 செய்து காட்டினார்கள், மரம் தீர்ந்துவிடுமே என்ற கவலையில். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் தலைக்கு மட்டும்.

பழங்காநத்தம் அத்தை | 3 பிப்ரவரி

கோழிப் பேச்சுக்கு நடுவுல ஒரு மனுசப் பேச்சு. எங்க வீட்டுப் பெரியவருக்கு 72. தினமும் கபசுரக் குடிநீர், அது போக சீந்தில் மாத்திரை. அடுத்த மாசம் நிமோனியா தடுப்பூசி போடச் சொல்லியிருக்காங்க. நிப்பாட்டணுமா தம்பி?

வைகைக் கரை | 4 பிப்ரவரி

அத்தை, நிமோனியா ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் கசாயம் ஊசியைக் கெடுக்கும் என்ற பயம் வேண்டாம். கூட்டிக் கொடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. நான் கவலைப்படுவது இரண்டு விஷயத்துக்கு. சீந்தில் நீண்ட நாள் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வேறு சீந்தில் இனத்தோடு குழம்பியிருக்கலாம் என்றது. எது சரியாக இருந்தாலும் 72 வயதில் தினசரி என்றால் கல்லீரல் பரிசோதனை ஒன்று பார்த்துவிடுங்கள். நாளாகிவிட்டதால் இப்போதைக்கு நிறுத்துவதும் நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. இரண்டாவது, பெயர் தெரியாத கடையில் மூட்டுவலிக்கு, மூச்சு இரைப்புக்கு என்று கொடுக்கும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. தின்ற மறுநாளே வலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் உப்புகிறது என்றால் சந்தேகப்படணும். தடுப்பூசியின் பலனை நிஜமாகவே மழுங்கடிப்பது அதுதான். திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்கணும்.

ஊசிக்கு முன்னாலேயே "காய்ச்சல் வரும்" என்று பாராசிட்டமால் போடவும் வேண்டாம். 2009-இல் செக் நாட்டுக் கைக்குழந்தைகளிடம் பார்த்தபோது அப்படி முன்கூட்டிக் கொடுத்ததில் எதிர்ப்பொருள் கொஞ்சம் குறைந்தது. காய்ச்சல் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பழங்காநத்தம் அத்தை | 4 பிப்ரவரி

மூட்டுவலிப் பொடி ஒண்ணும் இருக்கு வீட்டுல. முகம் லேசா உப்பித்தான் இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.

செல்லம்பட்டிச் சேவல் | 9 பிப்ரவரி

எல்லாத்துக்கும் கண்ணுல சொட்டு விட்டாச்சு. ஒரு ஆசை. அடுத்த ஈடுல பாதிக்குக் கீழாநெல்லி கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம் குடுத்து, ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சுரும்ல? எப்படி எடுக்குறது, எத்தனை கோழிக்கு?

ஓய்வு கால்நடை | 10 பிப்ரவரி

நல்ல ஆசை, முறையாகச் செய்தால் பத்து வாட்ஸப் செய்தியைவிட மேல்.

ஒரே தாய்க்கூட்டத்துக் குஞ்சு, ஒரே நாள் பொரித்தது. கூடு இரண்டாக. ஒரு கூடு வெயில் பக்கம், இன்னொன்று நிழல் பக்கம் என்று வைத்தால் மூலிகையை அளக்கவில்லை, வெயிலைத்தான் அளக்கிறீர்கள். நிழலில் உலர்த்திய கீழாநெல்லித் தூள் தீவனத்தில் 100 கிலோவுக்கு அரை கிலோவில் ஆரம்பியுங்கள். ஒன்றுக்கு மேல் போகாதீர்கள். கசப்பு வாங்கிகள் கோழிக்கு மூன்றே மூன்றுதான், மனிதருக்கு இருபத்தைந்து. என்றாலும் கோழி கசப்பை உணரும், தீவனம் குறைத்துத் தின்றால் எடை இறங்கும். தினம் மிச்சத் தீவனத்தை நிறுத்துப் பாருங்கள்.

கூட்டுக்கு 15 கோழியாவது, காலில் வளையம் போட்டு. தடுப்பு மருந்து விடுவதற்கு முன் ஒரு தடவை, 21-ஆம் நாள் ஒரு தடவை, அதே கோழியிலிருந்து. இறக்கை நரம்பில் 1 மி.லி. போதும். வேகமாக இழுத்தால் அணு உடையும். குழாயைச் சாய்த்து வைத்து உறையவிடுங்கள், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் பிரியும். அதை மட்டும் வேறு குழாய்க்கு மாற்றிக் குளிர்பெட்டியில். உறைந்த இரத்தத்தோடு அப்படியே பைக் டேங்க் கவரில் வைத்துத் திருமங்கலத்திலிருந்து டவுனுக்குக் கொண்டுவந்தால் சிவப்புத் தண்ணியாகத்தான் வந்து சேரும். அதைச் சோதிக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டிய சோதனை எச்.ஐ., சீரத்தில் ராணிக்கெட்டுக்கான எதிர்ப்பொருள் எவ்வளவு என்று அளப்பது. மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவில் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். முதல் சீரத்தையும் இரண்டாம் சீரத்தையும் ஒரே நாளில், ஒரே தட்டில் பார்க்கச் சொல்லணும். அதுவரை முதல் சீரம் ஃப்ரீசரில். எது எந்தக் கூடு என்று சோதிப்பவரிடம் சொல்லாதீர்கள், வளைய எண் மட்டும் எழுதுங்கள்.

விடை 1:16, 1:32, 1:64 என்று இரட்டிப்பாக வரும். இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. ஒரு படி வித்தியாசம் சோதனையின் சொந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதே சீரத்தை மறுபடி போட்டாலே 32, 64 ஆக மாறும். எண்களை அப்படியே கூட்டி வகுக்காதீர்கள், 512 வந்த ஒரே கோழி மொத்தத்தையும் தூக்கிவிடும். படிக்கணக்கில் மாற்றிச் சராசரி எடுங்கள்: 16 என்றால் 4, 32 என்றால் 5, 64 என்றால் 6. எந்தக் கூட்டில் 4-க்குக் கீழே நிற்கும் கோழி அதிகம் என்று பாருங்கள். சராசரியைவிட எனக்கு அதுதான் முக்கியம். நோய் நுழைவது அந்தக் கோழிகள் வழியாகத்தான்.

அலங்காநல்லூர் மேடு | 12 பிப்ரவரி

எச்.ஐ. கூடுனா கோழி சாகாதுன்னு அர்த்தமா சார்?

ஓய்வு கால்நடை | 12 பிப்ரவரி

பெரும்பாலும் சாகாது. ஆனால் வெளியில் சுற்றும் வீரிய வைரஸ் லசோட்டாவின் மரபுக் கிளையில் இல்லை. நல்ல எதிர்ப்பொருள் உள்ள கோழியும் தொற்றிக்கொண்டு, வெளியே தெரியாமல், எச்சத்தில் வைரஸை விடலாம். அதனால் சந்தையில் வாங்கிய கோழியை நேரே கூட்டத்தில் விடாதீர்கள். இரண்டு வாரம் தனிக்கூடு.

மேலூர் ரோடு | 2 மார்ச்

லசோட்டா விட்ட நாலாம் நாள் கோழி தும்முச்சு, கண்ணுல தண்ணி. துளசி, தூதுவளை, கற்பூரவள்ளிச் சாறு குடுத்தேன், மூணு நாள்ல சரியாயிருச்சு. இதைப் போஸ்ட்டாப் போட்டா தப்பா?

ஓய்வு கால்நடை | 2 மார்ச்

3-ஆம் நாளிலிருந்து 6-ஆம் நாள் வரைக்கும் லேசான தும்மல் தடுப்பு மருந்தின் பின்விளைவு. மருந்து பிடித்துவிட்டது என்றும் சொல்லலாம். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அதே மூன்று நாளில் சரியாகும். ஒரு வாரம் தாண்டியும் மூச்சில் கறகற சத்தம் வந்தால் சி.ஆர்.டி. என்கிற நாள்பட்ட மூச்சு நோய் கிளம்பியிருக்கிறது, அதைத் துளசி தாங்காது. போஸ்ட் போடுங்கள், இதையும் சேர்த்துப் போடுங்கள்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. சித்திரையில் 40 டிகிரி தாண்டும் நாளில் மருந்து விடாதீர்கள், கோழி வாயைத் திறந்து இளைக்கிற நேரத்தில் உடம்பில் ஏறும் கார்டிகோஸ்டிரோன் என்கிற அழுத்த ஹார்மோன் எதிர்ப்பை அமுக்கும். விடியற்காலை 6-க்குள் முடித்துவிடணும். கடையில் ஐஸ் கட்டியோடு கவரில் போட்டுக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வரணும், 2–8 டிகிரி. லசோட்டாவின் உலர்ந்த மாத்திரை உறைந்தால் கெடாது, கூடவே தரும் கரைப்பான் புட்டிதான் வெடிக்கும். கிருமியைக் கொன்று எண்ணெய் கலந்து செய்த தடுப்பூசி உறைந்தால் குப்பைதான்.

செல்லம்பட்டிச் சேவல் | 20 ஏப்ரல்

அடுத்த ஈடு பொரிச்சிருச்சு. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில கீழாநெல்லித் தூள் விசாரிச்சேன். பச்சையா, பழுப்பா ரெண்டு நிறத்துல வச்சிருக்காங்க. எதை வாங்க?

வைகைக் கரை | 20 ஏப்ரல், இரவு

இரண்டும் வேண்டாம். தூளில் எதையும் அடையாளம் பார்க்க முடியாது. முழுச் செடியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆவணி புரட்டாசி மழைக்குப் பிறகு வரப்பில் நீங்களே பிடுங்குங்கள். இலைக்காம்பின் அடிப்பக்கம் வரிசையாகக் காய் தொங்கணும், காய்க்குச் சின்னக் காம்பு இருக்கணும், மேல்தோல் வழவழப்பாக இருக்கணும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம். காய்க்கும் பருவத்தில் வேரோடு எடுத்து, மண் போகக் கழுவி, நிழலில் விரித்து, தண்டு ஒடித்தால் பட்டென்று முறியும் வரை உலர்த்துங்கள். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும், டாக்டர் சொன்ன அஃப்ளாடாக்சின் மருந்து வழியாகவே உள்ளே போகும். ரோட்டோரம், பூச்சிமருந்து அடித்த பருத்திக் காட்டோரம் பிடுங்காதீர்கள்.

இந்த ஈட்டுக்கு அவசரப்பட்டு மூலிகைக் கூடு வைக்க வேண்டாம். இப்போதைக்கு வெறும் தீவனத்திலேயே 21-ஆம் நாள் சீரம் எடுத்து வையுங்கள். உங்கள் பண்ணையில் மூலிகை இல்லாமலே எவ்வளவு ஏறுகிறது என்று தெரியும்.

செல்லம்பட்டிச் சேவல் | 21 ஏப்ரல்

சரிண்ணே. காலு வளையம் எங்க கிடைக்கும்?

மாட்டுத்தாவணி மைனர் | 21 ஏப்ரல்

கோழிச் சாமான் விக்கிற கடையில பிளாஸ்டிக்குல நம்பர் போட்டே வருது, நூறு எண்ணம் கட்டா. குஞ்சுக் காலுக்குச் சின்ன சைஸு கேட்டு வாங்குங்க மாப்ள. வளரும்போது மாத்தாம விட்டா காலை இறுக்கிரும்.